மஞ்சள் புகைபோக்கி, பச்சைப் புகைபோக்கி

இரண்டு கப்பலையும் மேசையில் விரித்து வைத்தேன்.
களியக்காவிளைச் சந்தையின் இரைச்சல்
மாடிப்படி ஏறி வந்து எங்களோடு உட்கார்ந்தது.
ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் சொல்பவர்
ஞானசிகாமணி,
படங்களையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
"இதுல எது கொள்ளாம்?"

சாப்பாட்டுக்கு மஞ்சள் புகைபோக்கி, என்றேன்.
பதினொரு வகை ரொட்டி. முள்ளெடுத்த மீன்.
நடுராத்திரி கேட்டாலும் ஐஸ்கிரீம்.
பச்சையில் சாம்பார் உண்டு,
அது சாம்பார் என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும்.
லலிதாபாய் சிரித்தார்.
நான் சொல்லாமல் விட்டது
எங்கள் மெஸ்ஸை.
இரண்டு கம்பெனியிலும் ஒரே சோறு, ஒரே கோழி.
பூத்துறைக்காரன் நான்,
ஏழு மாதம் கடலில் கிடந்தும்
ஒரு சாளை வாயில் வைக்கவில்லை.

அறைக்குப் பச்சை.
பால்கனியில் கால் நீட்டலாம்,
மஞ்சளில் முட்டி இடிக்கும்.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
மேல் கட்டிலில் ரொமேல், கீழே நான்,
எங்கள் இருவருக்கும் மேலே தண்ணீர் மட்டம்.
அப்பாவின் வள்ளத்தில்
கடலுக்கு மேலே தூங்கி வளர்ந்தவன்
சம்பளத்துக்காக அதன் கீழே தூங்கினேன்.
இரவெல்லாம் காதுக்கு நேராக
அது போய்க்கொண்டே இருந்தது.

"கவனிப்பு?"
ரெண்டாம் நாளே உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
"ஞானசிகாமணின்னு அவனுவளுக்கு நாக்கு திரும்புமா?"
திரும்பும் சார். பழக்கியிருப்பார்கள்.
என் சட்டையில் குத்தியிருந்த தகட்டில் 'வின்' மட்டும்தான்.
சிலாஸ் இறங்கிப்போன துறைமுகம்
எதுவென்று இன்றும் தெரியாது.

வாய் விலை சொல்லிக்கொண்டிருக்க
கை தன்பாட்டில்
அவர் தோளிலிருந்து எடுத்துப் போட்ட துவர்த்தை
ஓரம் உருட்டி, முனை மடக்கி,
தும்பிக்கை நிமிர்த்தி,
மேசைமேல் ஒரு யானையை உட்கார்த்திவிட்டது.
மெல்லிய துணி. யானை ஒரு பக்கம் சாய்ந்தது.

யாரும் பேசவில்லை.

"எத்தன ரூம்?" என்றார் கடைசியில்.
பதினேழு. காலையும் சாயங்காலமும்.
"எனக்கு முந்நூறு மரம்.
வெளுப்பான் மூணு மணிக்கு நெத்தியில லைட்டு கெட்டிக்கிட்டு.
மழ பெய்தா கூலி கிடையாது."
கப்பலில் மழைக்குச் சம்பளம் பிடிப்பதில்லை, என்றேன்.
"அது ஒண்ணு கொள்ளாம்."

இனி பேரம் பேச மாட்டார் என்று நினைத்தேன்.
"சரி, அஞ்சு சதமானம் குறைச்சுப் போடு."
மூன்றில் வந்து நின்றோம்.

பச்சைக் கப்பல், ஆறாம் தட்டு, நடு அறை.
ஆட்டம் தெரியாது, என்றேன். அது உண்மை.
வேலைக்காரர் லிஃப்ட் பக்கத்திலேயே,
தள்ளுவண்டிக்குத் தூரம் குறைவு.
அதுவும் உண்மை, அதைச் சொல்லவில்லை.

லலிதாபாய்க்கு ஒரே ஒரு கேள்வி:
நாரங்கா அச்சாறு கொண்டு போகலாமா?
கூடாது.
ஆனால் அறைப்பையன் பார்த்தும் பாராமல் இருப்பான்,
ஒரு கரண்டி அவனுக்கும் வைத்தால்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
சந்தை நாள், கார் நிறுத்த இடமில்லையென்று
பஸ்ஸில் வந்தவர்கள்.
கேரள வண்டி புறப்பட நின்றது,
சீட்டு காலி, வேகமும் அதிகம்.
அவர் கைகாட்டினார்.
லலிதாபாய் அசையவில்லை.
டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.
இரண்டு லட்சத்துச் சொச்சம் எண்ணிக் கொடுத்த கை
தலைக்கு மேல் முந்தானையைப் பிடித்தபடி
இருபது நிமிடம் வெயிலில் நின்றது.
வந்தது.
முன்படியில் அவள் சும்மா ஏற,
பின்படியில் அவர் சில்லறை துழாவினார்.

துவர்த்தை மறந்துவிட்டுப் போயிருந்தார்.
ஐந்து மணி வரை யானை மேசையில் இருந்தது.
பிறகு மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.